சாதுவானவர்கள்

1970ல் சென்னை நரம்பியல் அறுவை நிபுணர்களான வி. பாலசுப்ரமணியம், டி. எஸ். கனகா, பி. ராமமூர்த்தி ஆகியோர் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். ஓரிடத்தில் இருக்காத, கண்டதை உடைக்கிற, பிறரைத் தாக்குகிற நோயாளிகளின் மண்டையில் துளையிட்டு, அமிக்டலாவையோ ஹைபோதாலமஸின் ஒரு பகுதியையோ அழித்ததில் கிடைத்த பலன்களைப் பற்றியது அது. நோயாளிகளில் குழந்தைகளும் உண்டு. இவ்வகைச் சிகிச்சைக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் 'சாந்தப்படுத்தும் அறுவை' எனலாம். மூளைக்குள் கருவி பொருத்துவதை நம்பலாமா என்று இன்று பேச வருகிறவர்கள் முதலில் இந்தப் பிரதியைப் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. மருத்துவத்தை விட அதன் மொழிதான் இங்கு என் அக்கறை.

குணம் என்பதை அந்தக் கட்டுரை எப்படி அளக்கிறது? மருந்து இன்னும் தேவைப்படுகிறதா, மற்றவர்களோடு கலந்து பழகுகிறானா, சாதுவாகிவிட்டானா, சமாளிக்க முடிகிறதா. அளவுகோல் முழுக்க வார்டுக்குச் சொந்தமானது. உடனிருந்தவர்களையும் டாக்டர்களையும் அடித்துக்கொண்டிருந்த ஒருவன், அறுவைக்குப் பின் வார்டு ஊழியர்களுக்கு உதவியாளாகி மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டான் என்பது அங்கே ஒரு வெற்றிக் கதை. அவன் என்ன நினைத்தான், அவனுக்குள் எது போயிற்று, போனதை அவன் தேடினானா என்பதற்கு அந்த வாக்கிய அமைப்பில் இடமே இல்லை. எழுவாய் எப்போதும் வேறொருவர்.

இவர்கள் கொடியவர்கள் அல்லர். ராமமூர்த்தி 1950ல் சென்னையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர். கனகா உலகின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களுள் ஒருவர். அழிப்பதோடு நிற்காமல், 1975லேயே மூளைக்குள் நீடித்து இருக்கும் மின்முனைகளைப் பொருத்தி, இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரானவர். அவர்கள் முன்னால் வந்து நின்ற பெற்றோர்களுக்கு வேறு போக்கிடம் இருந்ததா என்பதும் நியாயமான கேள்வி. விஷயம் இங்கேதான் கனக்கிறது.

ஏனெனில் நம் கற்பனை இதற்குத் தயாராகவே இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த தொடர், 2021ல் நடப்பதாக எழுதப்பட்டது. அங்கே அடக்குமுறைக்கு ஜீவா என்றொரு சர்வாதிகாரி வேண்டியிருக்கிறது. அவனை ஒழிக்கச் சதியும் சாகசமும் வேண்டியிருக்கின்றன. வாசகன் பயந்து, ரசித்து, பத்திரிகையை மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். சென்னை வார்டில் ஜீவா யாரும் இல்லை. களைத்துப்போன குடும்பமும், திறமையான டாக்டரும், சௌகரியம் என்ற நல்ல வார்த்தையும் போதுமானவையாக இருந்தன. விஞ்ஞானக் கதை என்ற பெயரில் நமக்குக் கிடைத்தது வில்லன் கதை.

கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' இதற்கு நேர் எதிரில் இருக்கிறது. உளநலத் துறையில் வேலை பார்த்த அவர் மனநோயாளிகளைப் பேச விட்டார். அவர்கள் சொல்வது தர்க்கத்துக்கு அடங்காதபோதும் திருத்தவில்லை, விளக்கவில்லை, நம் இரக்கத்தைக் கோரவும் இல்லை. மருத்துவக் கட்டுரை விட்டுவிட்ட எழுவாயை அவர் மீட்டுக் கொடுத்தார் என்பதே அந்தப் புத்தகத்தின் சாதனை. அதைக் கலையா ஆவணமா என்று விவாதித்தே நாம் பொழுதைக் கழித்துவிட்டோம்.

கொமரலிங்கத்திலிருந்து பார்க்கும்போது இது தொலைதூர விஷயமாகத் தெரியவில்லை. அமராவதிக் கரையில் நெல்லும் தென்னையும் என்றாலும், வேலை என்று போனால் மில்தான். திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் என்ன நடந்தது? அப்பன் கையெழுத்துப் போட்டான். மகள் மூன்று வருஷம் விடுதிக்கும் ஆலைக்கும் நடந்தாள். முடிவில் மொத்தமாகப் பணம் என்பது பேச்சு. கையெழுத்து ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. ஒப்புதல் என்ற சொல்லை இந்த வட்டாரம் இப்படித்தான் கற்றது. இதே கைதான் ஆஸ்பத்திரிப் படிவத்திலும் கையெழுத்துப் போடுகிறது. 'டாக்டர் சொன்னாச் சரிங்க' என்பதை நம்பிக்கை என்று கணக்கெழுதிக்கொள்கிறவர்கள் யோசிக்க வேண்டும்.

2017ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதானால் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலும் வேண்டும், வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. அந்த எழுவாய் சட்டத்துக்குள் வரப் பல வருஷங்கள் ஆயின. ஆனால் அந்தப் பிரிவு மனநோயோடு நின்றுவிடுகிறது. இன்றைய கருவிகள் வருவது பக்கவாதத்துக்கும் பார்க்கின்சனுக்கும்.

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதல் முறையாக ஒரு மனிதனின் மூளையில் தன் கருவியைப் பொருத்தியது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த அந்த இளைஞர் நினைப்பால் சதுரங்கம் ஆடினார். அவர் மகிழ்ச்சி பொய்யல்ல. ஆனால் அதை உலகுக்குக் காட்டியது நிறுவனமே நடத்திய நேரலை. மூளைக்குள் விட்ட மெல்லிய இழைகளில் பல பின்வாங்கிவிட்டதை நிறுவனம் வெளியே சொன்னது மே மாதத்தில். அறுந்த நூலை ஒட்டியே ஷிப்டைக் கழிக்கிற பெண்கள் உள்ள இந்த ஊரில் அடுத்த கேள்வியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: இழை போனால் யார் வருவார்கள்? அமெரிக்காவில் பார்வையிழந்தோரின் விழித்திரையில் கருவி பொருத்திய செகண்ட் சைட் நிறுவனம் நொடித்தபோது, உலகெங்கும் 350க்கு மேற்பட்டோர் பராமரிக்க ஆளில்லாத கருவியைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூளைக்குள் மின்முனை வைக்கும் பார்க்கின்சன் சிகிச்சை கோவையிலேயே நடக்கிறது. கை நடுக்கம் அடங்குகிறது; சிலருக்குப் பேச்சு குழறுகிறது, சிலருக்குக் குணமே மாறுகிறது. மின்சாரத்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் கையில். மார்பில் தோலுக்கடியில் இருக்கும் பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை, மறுபடி பணம். இந்த வாழ்க்கையைத் தன் வாயால் சொல்லும் ஒரு பக்கம்கூடத் தமிழில் என் கண்ணில் படவில்லை. நம் கவிஞர்களோ 'நான்' சிதைவதைப் பற்றி இருபது வருஷத்துக்குப் போதுமான அளவு எழுதி வைத்திருக்கிறார்கள்.