மீஸான் கல்லும் பல்லாவரமும்

பிறந்த ஊரின் பெயர் கிட்டாமல், தன் கீழ் அடங்கியவரின் பெயரைப் பெற்றது ஒரு பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் மீஸான் கல், நம் பல்லாவரத்துப் பக்க மலைக்கல்லே. அக்கல்லைக் கொண்டே தாமஸ் ஹாலந்து 1893இல் அவ்வினத்திற்குச் 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். மீஸானில் பெயர் பொறிப்பது அடங்கியவருக்காக அன்றோ? கல்லுக்கும் அதே பெயரா!

இதே பல்லாவரத்தின் சரளைக் குழியில்தான் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். கண்டவர் பெயர் நிலைத்தது. குழி வெட்டியவர் பெயர் ஏட்டில் ஏறவில்லை. நிலவியலார் பாறையோடும் தொல்லியலார் கருவியோடும் நின்றுவிட்டனர்.

பல்லாவரத்திற்கு வடமேற்கே, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில், கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து 2017 வறட்சியில் சென்னை குடித்தது. அந்தப் பள்ளமும் கூலிக்குக் கல்லுடைத்தவர் தோண்டியதே. பாறை, கருவி, நீர் மூன்றையும் ஒரே நூலில் எழுத முனைபவர், திரிசூலத்தில் கல்லுடைத்த குடும்பங்களின் வாசலிலிருந்து தொடங்கட்டும்.