இழுத்துட்டா போதுமா?

2017-ல் வந்த அந்த போர்ஷே விளம்பரப் படம் ஞாபகம் இருக்கா? பாரீஸ் விமான நிலையத்தில் ஒரு கயென் எஸ்.யூ.வி., 285 டன் ஏர்பஸ் ஏ380 விமானத்தைக் கட்டி 42 மீட்டர் இழுக்கும். கின்னஸ் சாதனை!

பிரமாதமான படம்தான். ஆனால், வரவை மட்டும் காட்டி செலவை மறைக்கிற கணக்கு. சமதளத்தில் மெள்ள உருட்டுவது பலம். வேகமாக ஓடுவதை நிறுத்துவதுதான் பாதுகாப்பு. படம் பேசுவது பலத்தை மட்டும்.

காமர்ஸ் படித்தவன் அடிக்குறிப்பையும் விடமாட்டான். அதே வண்டிக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை. பிரேக் இல்லாவிட்டால் வெறும் 750 கிலோ. அம்பாசடரை ஏற்றினால் டிரெய்லரோடு ஒன்றரை டன் தாண்டிவிடும்.

படத்தைப் பார்த்த மண்டபத்தூர் நண்பர், தன் எஸ்.யூ.வி.க்குக் கொக்கி வெல்டிங் வைக்கப் போகிறாராம். கொக்கி கிடக்கட்டும் அண்ணே, டிரெய்லருக்கு பிரேக் இருக்கா?