கெடிலம் முதல் கொள்ளிடம் வரை: துணிவை அளந்த கோல்கள்

கிறிஸ்தவனின் துணிவு என்றதும் தமிழ்நாட்டில் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வரும். 1693-இல் அருளானந்தர் தலை கொடுத்த ஓரியூர் ஒன்று. 1752-இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி மற்றொன்று. கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு அவற்றைப் போல் பேர்பெற்ற இரத்தசாட்சி மேடை கிடையாது. இங்கே துணிவு வேறு திசையில் வேர்விட்டது. சொந்த வீடும் சொந்தச் சபையும் முகம் சுளித்தபோது நின்றவர்களே இந்த மண்ணின் சாட்சிகள். பகைவன் முன் நிற்பதைவிட, கூடவே ஜெபிக்கிறவர்கள் முன் நிற்பது கடினம் என்பது என் எண்ணம்.

முதலில் ஜெர்மனியின் ஹாலே பக்தி மரபு. மனந்திரும்பியவனை அவன் அன்றாட நடத்தையில் காணவேண்டும் என்பது அதன் அளவுகோல். தரங்கம்பாடி மிஷன் அந்த மரபில் வந்தது. கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம் 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. புராட்டஸ்டண்ட் திருச்சபையில் குருவான முதல் இந்தியர் அவரே. மாயவரம் பக்கத்துச் சபைகளைக் கவனித்து 1745-இல் மறைந்தார். பிறந்த வீட்டை விட்டு வந்த துணிவு அவருடையது, ஐயமில்லை.

அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். மன்னர் படையில் இருந்தவர், பறையர் குலத்தவர். எதிர்ப்புக்கு நடுவே ஊர் ஊராகப் போய்ச் சபை கூட்டினார். அவருக்குக் குருப்பட்டம் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். மிஷனைத் தொடங்கி, தரங்கம்பாடியில் சிறையிருந்த சீகன்பால்குவின் வாரிசுகள், சபைக்குள் இருந்த சாதி முன் தயங்கி நின்றார்கள். ஆரோனைக் கொண்டாடும் விழாக்களில் ராஜநாயக்கன் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

போர்க்காலத் துணிவுக்கும் நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. 1782-இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமானபோது, ஹைதர் அலியின் படை ஊருக்குள் புகாதபடி பிரெஞ்சுத் தளபதியிடம் மன்றாடியவர் மிஷனரி கெரிக்கே ஐயர். ஆங்கில அதிகாரிகள் சிலரைத் தம் வீட்டில் மறைத்தும் வைத்தார். ஊர் தப்பியது.

நான் அதிகம் மதிப்பது அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்த ஒருவரை. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் ஐயர், சாதி விஷயத்தில் தம் மிஷனோடு முரண்பட்டார். சாதி ஒரு சமூக வழக்கம், சுவிசேஷம் மெல்ல மெல்ல அதைக் கரைக்கும், வற்புறுத்தக் கூடாது என்பது மிஷனின் நிலை. அந்த நிலையின் விளைவை ஞாயிறு ஆராதனையில் கண்ணால் பார்க்கலாம். ஒரே ஆலயத்துக்குள் ஒரு சாரார் ஒரு பக்கம், மறு சாரார் மறு பக்கம் உட்காருவார்கள். திருவிருந்துக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் வருவார்கள். பலிபீடத்தருகே ஒன்றாக மண்டியிடாதவர்கள் வேறெங்கே ஒன்றாவார்கள்? ஓக்ஸ் மிஷனை விட்டு வெளியேறி, 1861-இல் நெல்லிக்குப்பம் அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா நிலையத்தைத் தொடங்கினார். கையில் பணம் இல்லை, பின்னால் சங்கம் இல்லை. சில ஆண்டுகளில் டேனிஷ் மிஷன் சங்கம் துணைக்கு வந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அந்த நிலையம்தான். சமபந்தியில் உட்கார்ந்து உண்பாயா என்ற ஒரே கேள்வியை அவர் அளவுகோலாக வைத்தார். எத்தனை பிரசங்கம் செய்தாலும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது. சாதி அவர் சபையை விட்டு அன்றே போய்விட்டது என்று சொல்ல முடியாது. கேள்வி மட்டும் பிழைத்துக்கொண்டது.

அந்த டேனிஷ் மிஷனையே எதிர்த்து நின்ற இரண்டு பெண்கள் வந்தார்கள். 1909-இல் வந்த ஆசிரியை ஆனி மேரி பீட்டர்சனும், 1916-இல் வந்த எஸ்தர் ஃபேரிங்கும் 1917 தொடக்கத்தில் அகமதாபாத் போய்க் காந்தியைச் சந்தித்தார்கள். எஸ்தர் அவருக்குக் கடிதம் எழுதுவதை மிஷன் விரும்பவில்லை. ஆங்கில அரசும் சந்தேகத்தோடு பார்த்தது. இருவரும் மிஷனை விட்டார்கள். சம்பளம், பங்களா, ஊருக்குத் திரும்பும் பயணச்செலவு எல்லாம் அதோடு போகும் என்று தெரிந்தே விட்டார்கள். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் பெண்பிள்ளைகளுக்கென்று பீட்டர்சன் தொடங்கிய சேவா மந்திருக்கு 1921 செப்டம்பரில் காந்தியே அடிக்கல் நாட்டினார். பாடத்தோடு ராட்டையும் சுற்றிய பள்ளி அது. ஐரோப்பியப் பெண்ணாய்ப் பிறந்து, வேதத்தை விடாமல், இந்த மண்ணின் விடுதலைப் பக்கம் நின்ற பீட்டர்சன் 1951-இல் காலமாகும்வரை இங்கேயே இருந்தார். கிறிஸ்தவன் என்றால் வெள்ளைக்காரன் பக்கம் என்ற பழிக்கு இந்தப் பள்ளியைக் காட்டினால் போதும்.

கத்தோலிக்கர் மரபுக்கு விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பம் பெருமை சேர்க்கிறது. பெரியநாயகி அன்னைக்கு வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் அங்கே இருக்கிறது. கோணான்குப்பம் இருக்கும் அதே புதுவை கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுதான் எறையூர். தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதில் மூண்ட மோதலும் 2008 மார்ச்சில் நடந்த துப்பாக்கிச் சூடும் இரண்டு உயிர்களைக் கொண்டுபோயின. இறந்தவர்களும் கிறிஸ்தவர்கள், எதிர்த்து நின்றவர்களும் கிறிஸ்தவர்கள் என்பதை விழா மலர்க் கட்டுரைகள் மறைக்கக் கூடாது.

இன்றைய துணிவுக்குச் சட்டமும் ஒரு விலை வைத்திருக்கிறது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் சேரமாட்டார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பள்ளிச் சேர்க்கையில் மதம் என்ற கட்டத்தில் உள்ளபடி எழுதும் கூலிக்காரக் குடும்பம், பிள்ளையின் படிப்புச் சலுகையையும் வேலை வாய்ப்பையும் விலையாகக் கொடுக்கிறது. எழுதாமல் விட்டவரைக் கோழை என்று சொல்ல, இந்த விலையைக் கொடுக்காத நமக்கு உரிமை இல்லை. அந்த ஆணையை மாற்றக் கோரி ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகத் தலித் கிறிஸ்தவர்கள் அனுசரிக்கும்போது, ஆலயத்தின் முன்வரிசைக் குடும்பங்கள் எத்தனை அவர்கள் வரிசையில் போய் நிற்கின்றன?