இரட்சிப்பின் நிச்சயமும் இலக்கிய வடிவமும்: பனியனும் கிருஷ்ணபிள்ளையும்

கிறிஸ்தவன் ஒருவன் தனது இரட்சிப்பைக் குறித்து இம்மையிலேயே நிச்சயம் பெறமுடியுமா என்னும் வினா இறையியலாளர்க்கு மட்டுமே உரியதென்றும், சமூகவியல் நோக்குடைய விமரிசகர் அதிற் காலத்தைச் செலவிடுதல் வீண் என்றும் எம்மிடையே ஒரு கருத்து நிலவி வந்துள்ளது. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். சமய இலக்கியம் ஒன்றைக் கண்டதும் அதன் வர்க்க மூலத்தைச் சுட்டிவிட்டு அப்பாற் செல்லுதல் எளிது. ஆயின் 1678இல் வெளியான யோன் பனியனின் மோட்ச யாத்திரைக் கதை மூன்று நூற்றாண்டுகளாக எளிய மக்களின் கைகளிற் பயின்று வந்தமைக்கும், அதனைத் தழுவிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) முற்றிலும் வேறொரு குரலிற் பேசுவதற்கும் அவ்வாறான விளக்கம் போதியதன்று. இரு நூல்களுக்குமிடையிலான வேறுபாட்டின் மையத்தில் நிச்சயம் பற்றிய மேற்குறித்த வினாவே நிற்கின்றது என்பது எமது துணிபு.

வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். தான் கிருபை பெற்றுவிட்டதைத் தவறாத விசுவாச நிச்சயத்துடன் எவரும் அறியவியலாது என 1547இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. அதனாற் கத்தோலிக்கக் குடியானவன் நிலைகுலைந்துவிடவில்லை. பாவசங்கீர்த்தனம், பாவமன்னிப்பு, அவஸ்தைப்பூசுதல் முதலியவற்றின் வாயிலாகத் திருச்சபை அவனது அச்சத்தைப் பகிர்ந்துகொண்டது. கல்வினோ, கடவுளின் தயவை உறுதியாக அறிதலே விசுவாசம் என்றார். நூறாண்டு கழித்து, 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கை, உண்மை விசுவாசியுங்கூட அந்நிச்சயத்தை அடைய நெடுங்காலம் காத்திருக்க நேரலாம் என ஒப்புக்கொண்டது. இடைநின்ற குருவையும் சடங்கையும் நீக்கிவிட்டுத் தனிமனிதனைக் கடவுளின் முன் தனியே நிறுத்தியதன் விளைவு இது. நிலமானிய அமைப்புச் சிதைந்து, ஊரும் உறவும் தந்த காவலை இழந்த சிறு கைவினைஞன் சந்தையின் முன் தனித்து நின்றதும் இதே காலத்திலேதான்.

பனியன் அத்தகைய கைவினைஞர். 1628இல் பெட்போர்ட் அருகே பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுதல் அவரது தொழில். உள்நாட்டுப் போரிற் பாராளுமன்றப் படையிற் பணியாற்றினார். முடியாட்சி மீண்ட 1660இல், அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகக் கைதாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தார். 1666இல் வெளியான அவரது தன்வரலாறு நிச்சயத்துக்கான ஏக்கத்தின் ஆவணம் எனலாம். தான் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுள் ஒருவனா, கிருபையின் காலம் கடந்துவிட்டதா என்று அவர் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிந்தார். வேதவசனமொன்று அவரைத் தேற்றும். மறுநாள் ஏசாவைப் பற்றிய வசனம் வந்து வீழ்த்தும். இதனை மனநோய் என்று ஒதுக்குவோர் உளர். தன் நிலைக்குப் பிணை நிற்க எவருமற்ற ஒரு வர்க்கத்தின் மொழியாகவே நாம் அதனை வாசிக்கின்றோம்.

யாத்திரைக் கதையில் இந்நிச்சயம் ஒரு பொருளாகவே உருப்பெறுகின்றது. சிலுவையருகே கிறிஸ்தியானின் சுமை வீழ்கின்றது. முத்திரையிட்ட சுருள் ஒன்று அவனுக்குத் தரப்படுகின்றது. மோட்ச வாயிலில் அதனைக் காட்டவேண்டும். மலையேறும் வழியில் உறங்கி அதனைத் தவறவிடுகிறான். வந்த வழியே அழுதுகொண்டு திரும்பிச் சென்று மீட்கிறான். மாக்ஸ் வேபர் 1904-05இல் வெளியிட்ட கட்டுரையிற் பனியனை எடுத்தாண்டு, பாவிக்கும் கடவுளுக்குமான உறவு அவரிடம் கடைக்காரனுக்கும் வாடிக்கையாளனுக்கும் இடையிலான கணக்காகத் தோன்றுவதைக் குறித்தார். அது கூர்மையான அவதானிப்பே. எனினும் சுருளைக் கணக்கேட்டின் ஒரு தாளாக நாம் கொள்ளவில்லை. எலிசபெத் காலத்து 1597ஆம் ஆண்டுச் சட்டம், ஊரூராய்த் திரிந்து பாத்திரம் செப்பனிடுவோரைத் தண்டனைக்குரிய நாடோடிகளுள் அடக்கியது. 1662ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டத்தின்படி, அறுவடை வேலைக்காக அயற்பங்குக்குச் செல்லும் ஏழை தன்னூரிலிருந்து சான்றுப்பத்திரம் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வாயிலில் மடியைத் தடவிப் பத்திரத்தைத் தேடுபவனின் நெஞ்சிடிப்பைப் பனியனின் வாசகர் சமயநூல்களிலிருந்து கற்றவரல்லர். சோதனைச்சாவடிகளைக் கண்ட எமது வாசகர்க்கும் அதனை விளக்கவேண்டியதில்லை.

கதையின் முடிவில் ஒரு முரண் உண்டு. மரண நதியில் இறங்கிய கிறிஸ்தியான் அமிழ்கின்றான். அனைத்தும் வீணென்று கதறுகின்றான். உடன்வந்த நம்பிக்கை என்பான் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கின்றான். இவர்களுக்குப் பின்னால் வரும் அறியாமை என்பானோ ஐயம் சிறிதும் இன்றி, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் துணையுடன் இலகுவாக நதியைக் கடக்கிறான். வாயிலில் அவனிடம் சுருள் இல்லை. கைகால் கட்டப்பட்டு, மலைப்பக்கத்துக் கதவு வழியாக நரகத்துக்கு அனுப்பப்படுகிறான். நிச்சயத்தோடு வந்தவன் வீழ்கின்றான், நடுங்கியவன் சேர்கின்றான். அவ்வாறாயின் நடுக்கமே நிச்சயத்தின் அடையாளமா? அடையாளமென்று அறிந்தவுடன் நடுக்கம் நீங்கிவிடாதா? இவ்வட்டத்தைப் பனியனால் மூடமுடியவில்லை. மூடாதுவிட்டமையே அவரது கலையின் நேர்மை. மனத்தின் ஏற்றத்தாழ்வுகளை நாட்கணக்கிற் பின்தொடரும் இவ்வுரைநடை பின்னர் முகிழ்த்த ஆங்கில நாவலுக்கு வழியமைத்தது.

கிருஷ்ணபிள்ளையிடம் வரும்போது களம் மாறுகின்றது. 1827இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவ வேளாளக் குடும்பத்திற் பிறந்து, கம்பனிற் தோய்ந்து, 1858இற் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். ‘நற்போதகம்’ இதழிற் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்த அவரது காப்பியம் ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் உடையது. பனியனிற் சிலுவைக் காட்சி சில வரிகளில் முடிந்துவிடும். இங்கோ குமார பருவத்தின் இரட்சண சரித படலம் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகின்றது. இதனை வெறும் காப்பிய அலங்காரமாகக் கொள்ளலாகாது. நிச்சயத்தின் ஆதாரம் யாத்திரிகனின் உள்ளத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, அவனுக்கு வெளியே நிகழ்ந்து முடிந்த ஒரு சரிதத்தில் நிறுவப்படுகின்றது. இடையிடையே வரும் தேவாரங்கள், தன்னைத் தானே சோதிக்கும் தனிமைக்குப் பதிலாக, முறையீடு என்னும் பழகிய பக்தி வடிவத்தை அளிக்கின்றன.

தமிழ் வைணவம் இவ்வினாவை ஏலவே தன் மொழியில் விவாதித்திருந்தது. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்ற வடகலை, தென்கலைப் பிணக்கு, மனித முயற்சிக்கும் அருளுக்கும் இடையிலான வழக்கேயாகும். விபீடணன் அடைக்கலப் படலத்தைப் பயின்ற ஒருவருக்கு, ஒருமுறை அளித்த அபயம் மீளப் பெறப்படுமோ என்ற ஐயம் எளிதில் எழாது. காப்பியத் தலைவன் இறுதிவரை தன்னை ஐயுறுவதும் அவ்வடிவத்துக்கு ஒவ்வாது. ஆகவே பனியனின் வேதனை தமிழில் இளகிவிட்டது. இதனைக் கிருஷ்ணபிள்ளையின் குறையென்று ஒருகாலத்தில் மாணவர்க்குக் கற்பித்தோம். இன்று அவ்வாறு கூறமாட்டோம். பாத்திரம் செப்பனிட்டவரின் தனிமை வேளாளப் புலவருக்கு வாய்க்கவில்லை; தம் மரபு தந்த ஆறுதலை அவர் புதிய சமயத்துக்குள்ளும் கொண்டுசென்றார். அதனால் அவர் இழந்தது உண்டு. வாயிலில் நிற்கும் ஏழையின் அச்சம் அவரது ஓசைநயத்திற் கரைந்துபோகின்றது.

எம்மைப் பற்றியும் ஒரு சொல். வரலாற்று விதிகள் வெற்றியை உறுதிசெய்துவிட்டன என்று நம்பி நடந்த தலைமுறையிடம் நாம் பயின்றோம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது எமது சுருள் தொலைந்தது. ஒருசிலர் அது தொலையவேயில்லை என்றனர். வேறு சிலர் யாத்திரையே பொய்யென்று திரும்பினர். லூசியன் கோல்ட்மன் 1955இல் வெளியிட்ட ‘மறைந்திருக்கும் கடவுள்’ என்னும் நூலில், பஸ்காலின் பந்தயத்தோடு மாக்சியரின் நம்பிக்கையை ஒப்பிட்டு, எதிர்காலம் குறித்து எமக்குள்ளது நிரூபணமன்று, உயிரைப் பணயம் வைக்கும் ஒரு பந்தயமே என்றார். அன்று அதனைக் கருத்துமுதல்வாதம் என்று எளிதில் ஒதுக்கினோம். அவரை மீண்டும் வாசிக்கையில் அறியாமையின் ஓடத்தில் நாமும் இருந்தமை தெரிகின்றது.

1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தை விமரிசகர் தளர்ந்த படைப்பென்று பொதுவாகப் புறக்கணிப்பர். சிறை மீண்டு, பெட்போர்ட் சபையின் மேய்ப்பராகப் பலரின் துயரைக் கேட்ட பனியன் எழுதியது அது. அதிற் கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும், முடவரும், மனந்தளர்ந்தோரும் கூட்டமாகவே செல்கின்றனர். பெருநெஞ்சன் என்னும் வழித்துணைவன் தான் முன்னர் அழைத்துச் சென்ற அச்சமுடையான் என்பானைப் பற்றி அவர்களுக்குக் கூறுகின்றான். அவன் வழியெங்கும் தன் மீட்பை ஐயுற்றவன்; வைக்கோலொன்று குறுக்கே கிடந்தாலும் இடறியவன். அவன் நதிக்கரையை அடைந்த நாளில் நீர் என்றுமில்லாதவாறு தாழ்ந்திருந்தது. பாதணி நனைந்த அளவிலே அவன் அக்கரை சேர்ந்தான்.