தோழமை தாண்டிய மதில்

வரலாற்றுப் புதினம் என்றதும் வாளும் வேலும், கோட்டையும் கொத்தளமும் கண்முன் தோன்றும். ஆனால், ஏட்டை மூடிய பின்னும் நெஞ்சில் நிலைப்பவை காதலும் நட்புமே. அவ்விரண்டையும் ஆசிரியர் எங்ஙனம் நடத்துகிறார் என்பதே அவர்தம் உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வார இதழில் வெளிவந்த பெருங்கதை. அதில் நட்பின் திருவுரு பரஞ்சோதி. கல்வி நாடிக் காஞ்சிக்கு வந்த சிற்றூர் இளைஞன். மதம் பிடித்த யானைமீது வேலெறிந்து, சிற்பி ஆயனரையும் அவர் மகள் சிவகாமியையும் காத்தவன். இளவரசன் மாமல்லன் அவனை ஆருயிர்த் தோழனாகத் தழுவிக்கொள்கிறான்; படைத்தலைமையும் அவனை வந்தடைகிறது. குடிப்பிறப்பு என்னவென்று அங்கே எவரும் குறுக்கிடவில்லை. தோழமை மதிலைத் தாண்டிவிட்டது! கல்கியின் எழுதுகோல் உயர்ந்து நிற்கும் இடம் இது, பாராட்டுவோம்.

சிவகாமிக்கு மட்டும் அம்மதில் ஏன் தாழவில்லை? ஆடற்கலையில் இணையற்றவள், மாமல்லன் மனமுவந்து காதலித்தவள். ஆனால் மகேந்திரர் அக்காதலை விரும்பவில்லை. வாதாபியில் அவள் சிறைப்பட்டுக் கிடக்க, மாமல்லன் பாண்டிய இளவரசியை மணக்கிறான். "வாதாபி எரியும்வரை வரமாட்டேன் என்று சூளுரைத்தது அவளன்றோ?" என்பர் சிலர். உண்மைதான். ஆனால், அச்சூளுரைக்கு முன்பே அவள் காதலுக்குக் கதவு அடைபட்டிருந்தது என்பதை அவர்கள் மறக்கின்றனர். வீரனின் ஆற்றலுக்கு அரண்மனையில் இடமுண்டு. கலைமகளின் காதலுக்கு இல்லை!

இறுதியில் ஏகாம்பரநாதரையே கணவராக வரித்துத் தாலி பூணுகிறாள் சிவகாமி. படிப்போர் கண்ணீர் வடிக்கின்றனர்; தெய்வீகக் காதல் எனப் போற்றுகின்றனர். கல்லை மணந்த வாழ்வு காதலின் வெற்றியா? மனிதன் மறுத்ததைத் தெய்வத்தின் பெயரால் மூடிமறைக்கும் திரையன்றோ அது! பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது 1947இல். கதை முடிந்த மறு ஆண்டில். தானே விரும்பி ஏற்றாள் என்பதால் மட்டும் அம்முடிவு இனித்துவிடுமா?

வரலாறு அப்படி என்றும் சொல்ல இயலாது. 642இல் வாதாபி வீழ்ந்தது வரலாறு, சிவகாமி கற்பனை. கற்பனைப் பெண்ணின் முடிவை எழுதியது கல்வெட்டன்று, ஆசிரியரின் கை.

இளைஞர்களே! அந்நடையழகைச் சுவையுங்கள், பரஞ்சோதியின் தோழமையைப் போற்றுங்கள். ஆனால் சிவகாமிக்காக அழுவதோடு நின்றுவிடாதீர்கள். அவளை வெளியே நிறுத்திய மதில் எதுவெனக் கேளுங்கள். அக்கேள்வி பிறந்தால்தான் கண்ணீருக்குப் பொருளுண்டு.