மறித்தலும் அடைத்தலும்: கொரியம் கற்கத் தமிழ் எவ்வளவு தூரம் துணைவரும்?

கொரிய மொழியைத் தமிழர்க்கு அறிமுகம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் அழைத்துச் செல்கிறார்கள். அம்மாவுக்கு அங்கே ‘ஒம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’, நான் என்பதற்கு ‘நா’, நீ என்பதற்கு ‘நொ’, புல்லுக்கு ‘புல்’. இந்தப் பட்டியலைக் கேட்டு வியக்காத தமிழர் குறைவு. தொடர்களும் பாடல்களும் பார்த்துக் கொரியத்தின்மேல் ஆசை கொண்ட பிள்ளைகளுக்கு இந்த வியப்பே முதல் பாடம். பலருக்கு அதுவே கடைசிப் பாடமாகவும் ஆகிவிடுகிறது. ஒலி ஒற்றுமையைக் காட்டிக் கொரியம் சொல்லித்தரும் இந்த வழக்கத்தின் பலம் என்ன, குறை என்ன என்பதை ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்து எடைபோட விரும்புகிறேன். அந்தச் சொல் ‘மக்தா’. தடுப்பது, மறிப்பது, அடைப்பது என எல்லாவற்றுக்கும் கொரியர்கள் அன்றாடம் எடுக்கும் வினை. ஒலியை வைத்துத் தேடினால் தமிழில் இதற்கு உறவு சொல்வது கடினம். ஆனால் தமிழ் ஒரு மாணவருக்கு உண்மையில் எங்கே கைகொடுக்கிறது என்பதை இந்தச் சொல்லைப்போலத் தெளிவாகக் காட்டும் சொற்கள் அதிகமில்லை.

முதலில் வழக்கத்தின் வேர். கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். 1984இல் மார்கன் கிளிப்பிங்கர் சொற்களைத் திரட்டி, இரண்டுக்கும் உறவு உண்டு என்ற அதே கருத்துக்கு மீண்டும் வலுச்சேர்க்க முயன்றார். இதோடு ஒரு பழங்கதையும் சேர்ந்துகொண்டது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த ‘சம்குக் யுசா’, அயுதா என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து கயா நாட்டரசரை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் என்ற அரசியின் கதையைச் சொல்கிறது. அந்த அயுதா அயோத்தியா, தமிழகக் கரையா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் கொரிய-திராவிட உறவை ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தையின் உதடு முதலில் பழகும் ஒலிகளால் ஆனவை. தொடர்பே இல்லாத மொழிகளிலும் அவை ஒத்திருக்கும். உறவை நிறுவச் சீரான ஒலிமாற்ற விதிகள் வேண்டும். சில சொற்கள் ஒத்துப்போவது சான்றாகாது.

இருந்தும் இந்தப் பட்டியலை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்நிய மொழி என்றாலே ஆங்கில வகுப்பில் பட்ட கூச்சம் நினைவுக்கு வரும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். ‘இது உனக்கு எட்டாத மொழி அல்ல’ என்று அவர்களிடம் சொல்லும் முதல் குரலாக இந்தப் பட்டியல் இருக்கிறது. துணிவைத் தருவது சிறிய காரியமல்ல.

குறை அடுத்த படியில் தொடங்குகிறது. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு வாக்கியமும் பேச முடியாது. மொழி எப்படிப் பிடிபடுகிறது என்பதற்குத் திருப்பூர் வட்டாரமே நல்ல சான்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனிகளுக்கு வந்தவர்கள் எந்தப் புத்தகமும் இல்லாமல் தமிழ் பிடித்தார்கள். எடு, மடி, அடுக்கு, நிறுத்து, பிரி என்று வினைகளே அவர்கள் காதில் முதலில் ஏறின. செக்கிங் மேசையிலும் ஓவர்லாக் மெஷின் பக்கத்திலும் நின்று, சொல் விழுந்த கணமே அந்தச் செயல் நடப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். வினை கிடைத்த பிறகு பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒப்புமைப் பட்டியல் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது.

சரி, மக்தாவைப் பார்ப்போம். கொரியம் கற்க இன்று கையில் கிடைக்கும் செயலிகளும் நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியே பொருள் சொல்கின்றன. அப்படிப் படிக்கும் தமிழ் மாணவர் இந்த வினைக்குப் பாதையை மறிப்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல், ஓட்டையை அடைப்பதற்கு வேறொன்று, விபத்தைத் தடுப்பதற்கு மற்றொன்று என மனப்பாடம் செய்கிறார். பொருள்கள் தனித்தனியாகச் சிதறி நிற்கின்றன. அதையே தமிழ்வழி வைத்துப் பாருங்கள். காதைப் பொத்தி அடைத்துக்கொள்வதும் மக்தா. ஓட்டையை அடைப்பதும் மக்தா. ஒருவரைப் பேசவிடாமல் வாயை அடைப்பதும் மக்தா. கொரியத்தில் அது ‘இபுல் மக்தா’. இதன் செயப்பாட்டு வடிவமான ‘மக்கிதா’ இன்னும் நெருங்கி வருகிறது. மூக்கடைப்பு, சாக்கடை அடைப்பு, மூச்சடைப்பு மூன்றுக்கும் அவர்களிடம் அந்த ஒரே வினைதான். திகைத்துப்போய்ப் பேச்சற்று நிற்பதைக் கொரியர்கள் ‘கிகா மக்கிதா’ என்பார்கள். உள்ளே ஓடும் உயிராற்றல் அடைபட்டது என்பது அதன் பொருள். நாம் வாயடைத்துப் போனோம் என்கிறோம். அதிர்ச்சிக்கும் அதைச் சொல்லலாம், அளவில்லாத வியப்புக்கும் சொல்லலாம், அங்கேயும் அப்படித்தான். ஒலியில் ஒட்டே இல்லாத இரண்டு சொற்கள் உடம்பையும் வீட்டையும் தெருவையும் ஒரே கண்ணால் பார்க்கின்றன. பட்டியல் காட்டும் ஒற்றுமையைவிட இது ஆழமானது, பயனுள்ளதும்கூட.

வாக்கிய அமைப்பில் உதவி இன்னும் பெரிது. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையில் சிற்பக்கூடங்களும் பனியன் கம்பெனிகளுமாக இருக்கும் திருமுருகன்பூண்டிக்கு வழிமறித்த கதை ஒன்று உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு திரும்பிய சுந்தரரை இங்கே சிவபெருமானின் பூதகணங்கள் வேடுவர் வடிவில் மறித்துப் பறித்தன. சுந்தரர் பதிகம் பாட, பொருள் திரும்பி வந்தது. பெரியபுராணம் சொல்லும் இந்தக் கதையின் நடு வாக்கியத்தைக் கொரியத்தில் வைத்தால் ‘கிருல் மக்கோ குமுல் பெஆசத்தா’ என்று வரும். ‘கில்’ என்றால் வழி, ‘உல்’ நம் ஐ உருபு, ‘மக்கோ’ மறித்து, ‘கும்’ பொன், மறுபடி ஐ, கடைசியில் பறித்தார்கள். வழியை மறித்துப் பொன்னைப் பறித்தார்கள் என்ற தமிழ் வாக்கியத்தில் ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. உருபு பெயருக்குப் பின்னே, வினையெச்சம் நடுவே, முற்று கடைசியில். ஆங்கிலம் வழியே படிப்பவர் இந்த வாக்கியத்தை இருமுறை புரட்டிப்போட வேண்டும். தமிழில் நினைப்பவர் நேராகக் கடந்துவிடுவார்.

கொங்குப் பேச்சுக்கு இதில் தனிச் சிறப்பும் உண்டு. ‘அவன் வந்தானுங்க’ என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். வந்தவனுக்கு மரியாதை இல்லை, கேட்கிறவருக்கு உண்டு. ‘நானுங்க’, ‘இல்லீங்க’, ‘ஏனுங்க’ என்று எந்தச் சொல்லின் வாலிலும் அந்த மரியாதை வந்து ஒட்டும். கொரியத்தின் ‘யோ’ செய்வதும் இதே வேலைதான். ‘மகயோ’ என்றால் அடைக்கிறேனுங்க. பேசப்படுகிறவருக்கு மரியாதை தர ‘ஷி’ என்ற தனி இடைநிலை வினைக்கு நடுவே வரும். கேட்பவர் மரியாதையும் பேசப்படுகிறவர் மரியாதையும் வேறுவேறு என்ற இந்த இடத்தில் உலகெங்கும் மாணவர்கள் திணறுகிறார்கள். திருமுருகன்பூண்டியில் பிறந்த பிள்ளைக்கு அதை விளக்க இரண்டு நிமிடம் போதும். பாடநூல்கள் கையில் எடுக்க வேண்டிய வளமாக இதை நான் பார்க்கிறேன்.

எழுத்தொலியில் வரவும் இழப்பும் கலந்திருக்கின்றன. அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில், க, த, ப போன்ற ஓரெழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிர்களின் நடுவே மென்மையாகவும் ஒலிக்கும். தமிழும் அப்படித்தான். ‘காது’ என்ற சொல்லின் கடைசியில் நாம் உதட்டைக் குவிக்காமல் சொல்லும் குற்றியலுகரம், மற்ற நாட்டவர் பாடுபட்டுப் பழகும் ஒரு கொரிய உயிரொலிக்கு மிக அருகில் இருக்கிறது. நல் என்பதோடு மை சேர்ந்தால் நன்மை ஆகும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ‘மக்’ என்பதோடு ‘நுன்’ சேர்ந்து ‘மங்நுன்’ ஆவதைக் கண்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. ஆனால் கொரியத்தில் ககரத்துக்கு மூன்று வகை உண்டு: இயல்பானது, இறுக்கமானது, மூச்சு தெறிப்பது. மூன்றும் பொருளை மாற்றும். மக்கிதாவில் வருவது மூச்சு தெறிக்கும் வகை. தமிழில் எழுதும்போது அந்த மூச்சு காணாமல் போகிறது. தமிழ் எழுத்தில் குறித்துவைத்தே படிக்கும் மாணவர் வகுப்பறையில் நன்றாகப் பேசுவார், ஒரு கொரியர் எதிரே நின்றால் தடுமாறுவார். ஹங்குலை முதல் வாரத்திலேயே கற்றுத் தமிழெழுத்தைக் கைவிடுவதுதான் சரி.

தமிழ் என்ற துணை எங்கெல்லாம் வழிதவறச் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ‘அடை’ மக்தாவைவிட அகலமானது. கதவை அடைக்கச் சொன்னால் கொரியத்தில் ‘தத்தா’ என்ற வேறு வினை வேண்டும். கதவோடு மக்தாவைச் சேர்த்தால் வாசலை மறித்து நிற்பதாகப் பொருளாகிவிடும். ஆட்டைப் பட்டியில் அடைப்பது ‘கதுதா’. கடனைத் திருப்பி அடைப்பது ‘கப்தா’. ஆனால் ஒரு கடன் அட்டையின் பாக்கியை இன்னோர் அட்டையால் அடைத்துச் சமாளிப்பதற்கு ‘தொல்யோமக்கி’ என்ற சொல் இருக்கிறது. அதில் மக்தா மறுபடி தலைகாட்டுகிறது. சண்டைக்காரர்களைத் தடுத்து விலக்குவதற்கோ ‘மல்லிதா’. இந்த எல்லைகளை யாரும் வரைந்து காட்டாவிட்டால், தமிழின் உதவியே தவறுகளை விளைக்கும்.

இன்னும் நுட்பமான பிழை ஒன்று உண்டு. ‘மூக்கு அடைக்குது’ என்று நாம் பேசுகிறோம். அடைப்பவர் யாருமில்லை, ஆனாலும் வினை செய்வினைபோலவே நிற்கிறது. கொரியத்தில் இங்கே மக்தா வரவே கூடாது. மக்கிதா மட்டுமே சரி. பேச்சுத் தமிழை அப்படியே பெயர்ப்பவர், தன் மூக்கு வேறு எதையோ அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிடுவார். இதோடு எழுவாய் உருபுச் சிக்கலும் சேர்கிறது. தமிழில் எழுவாய்க்கு உருபு இல்லை. கொரியத்தில் எழுவாய்க்கு ஓர் உருபும், பேச்சுப்பொருளை எடுத்துக்காட்ட மற்றோர் உருபும் உண்டு. வினைமுற்றில் நான், நீ, அவர்கள் என்ற வேறுபாடு இல்லாததால் பறித்தேனா, பறித்தார்களா என்பதைச் சூழலை வைத்தே உணர வேண்டும். ‘மொழி நமக்குச் சொந்தம்’ என்ற நம்பிக்கையில் வந்தவர் இந்த இடங்களில்தான் மனம் உடைந்து விலகுகிறார். உறவு சொல்லி அழைத்த வழக்கம் அந்த நேரத்தில் அவருக்குத் துணை நிற்பதில்லை.

யாருக்காக இவ்வளவு அக்கறை என்ற கேள்வி நியாயமானது. ஹூண்டாய் 1996இல் தமிழ்நாட்டுக்கு வந்தபின் சென்னை வட்டாரத்தில் கொரியம் தெரிந்தவர்களுக்குத் தேவை வந்தது. 2006 முதல் சென்னையில் இயங்கும் இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கக்கூடிய அயல்மொழிகளில் கொரியத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அயல்நாட்டுத் தொழிலாளரைக் கொரியா எடுத்துக்கொள்ளும் வேலை அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியது. அதில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. அந்தத் திட்டத்தில் போக மொழித்தேர்வு எழுத வேண்டும் என்பதால், இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவருக்குக் கொரியம் பிழைப்பின் கதவு. ஆலையில் ‘சகோருல் மக்தா’, அதாவது விபத்தைத் தடுப்பது, என்ற தொடர் அவருக்குத் தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரியது. கையும் விரலும் அதில் இருக்கின்றன. திருப்பூரில் இருப்பவருக்குக் காரணம் வேறு. கொரியாவிலிருந்து வரும் இயந்திரத்தின் கையேடு, பேசவேண்டிய ஒரு பையர் (சரக்கு வாங்குபவர்), அல்லது வெறும் ஆசை. ஆசைக்காகப் படிப்பதும் குறைந்த காரணமல்ல. ஆனால் இவர்கள் எவருக்கும் ‘ஒம்மா’வும் ‘அப்பா’வும் இரண்டாம் நாளுக்கு மேல் உதவாது.

ஆகவே என் முடிவு இது. ஒலிப் பட்டியலை வாசற்படியாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டி உள்ளே போயாக வேண்டும். உறவுக் கோட்பாட்டை நிறுவப்பட்ட வரலாறுபோலப் பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்த வேண்டும். உறவு இல்லாமலும் இரு மொழிகள் ஒரே அமைப்பில் வளரலாம் என்பது அதைவிட வியப்பான உண்மை, அதைச் சொல்லலாம். இப்போது வேண்டியது வினைகளை மையமாக வைத்த ஒரு தமிழ்-கொரியக் கையேடு. அன்றாட வினை ஒவ்வொன்றுக்கும் தமிழில் எந்தெந்த வினைகள் அதன் இடத்தில் நிற்கும், எங்கே நிற்காது, செய்வினையும் செயப்பாட்டு வினையும் எங்கே பிரியும் என்று எல்லை வரைந்து, ‘ங்க’ போன்ற வட்டார வழக்கையும் கூச்சமின்றிப் பயன்படுத்தும் கையேடு. அதைச் செய்யக் கொரியம் நன்கறிந்த தமிழாசிரியர் சிலர் கூடினால் போதும். வேடுவர் கதை, சாக்கடை அடைப்பு, மூக்கடைப்பு, மெஷினில் விபத்துத் தடுப்பு என நம் ஊரின் காட்சிகளே அதன் பாடங்களாகட்டும். ஆங்கிலம் நன்றாக வராது என்பதற்காக ஒரு பிள்ளை கொரியத்தையும் கைவிட வேண்டிய நிலை இன்று இருக்கிறது. அந்தத் தடையை நீக்கும் வல்லமை தமிழுக்கு இருக்கிறது. அதை முறையாகப் பயன்படுத்தாமல் ஒலி ஒற்றுமையைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நின்றுவிட்டால், இழப்பு அந்தப் பிள்ளைக்குத்தான்.