இரண்டு ‘ரப்பர் சோல்’களையும் கேட்பது எப்படி?

பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’ பிடிக்கும் என்று யாராவது சொன்னால், எந்த ‘ரப்பர் சோல்’ என்று திருப்பிக் கேட்கலாம். 1965 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்தில் பார்லஃபோன் வெளியிட்ட இசைத்தட்டில் 14 பாடல்கள் இருந்தன. மூன்றே நாளில் அமெரிக்காவில் கேபிடல் நிறுவனம் வெளியிட்டதில் இருந்தவை 12. ராபர்ட் ஃப்ரீமேன் எடுத்த, முகங்கள் நீண்டு தெரியும் அதே படம்தான் இரண்டு அட்டையிலும். ஆனால் ஊசியை வைத்ததும் ஒலிக்கும் முதல் பாட்டே வேறு.

கேபிடல் செய்தது வியாபாரம். இங்கிலாந்தில் பாடல் உரிமைத் தொகை ஒரு தட்டுக்கு மொத்தமாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவிலோ பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பாட்டு குறைந்தால் செலவு குறையும், எடுத்து வைத்த பாடல்களைக் கொண்டு இன்னொரு தட்டும் போடலாம். அதனால் 1964 முதல் 1966 வரை பீட்டில்ஸ் ஆல்பங்களை அங்கே வெட்டி ஒட்டியே விற்றார்கள். லண்டனில் குழுவும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் யோசித்து அமைத்த வரிசை கடல் தாண்டியதும் கலைந்துவிடும். இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இந்த ஒரு தட்டில் அந்தக் கத்தரிக்கோல் விந்தையான ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. அதைக் காதால் பிடிக்கத்தான் இந்தக் குறிப்பு.

முதல் இரண்டு பாடல்களிலேயே விஷயம் இருக்கிறது. இங்கிலாந்துத் தட்டு ‘டிரைவ் மை கா’ரில் தொடங்குகிறது. மின்கிட்டார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிற்கும், டிரம்ஸ் விழும், பிறகு கிட்டாரும் பேஸும் ஒரே மெட்டைக் கீழ்ஸ்தாயியில் சேர்ந்து உருட்டிக்கொண்டே போகும். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் இசையிலிருந்து வந்த முறுக்கு அது. ஓடிஸ் ரெடிங்கின் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை மனதில் வைத்துத்தான் அந்த மெட்டை ஜார்ஜ் ஹாரிசன் பிடித்தார். அது அடங்கியதும் ‘நார்வீஜியன் வுட்’. ஜான் லெனனின் சாதாரண மரக்கிட்டார், கூடவே ஹாரிசனின் சிதார். கூட்டமான தெருவிலிருந்து ஆளரவமற்ற அறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும்.

இப்போது அமெரிக்கத் தட்டைப் போடுங்கள். ‘டிரைவ் மை கார்’ இல்லை. அந்த இடத்தில் ‘ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்’. மரக்கிட்டார்கள் நிதானமாக ஒரு முகப்பு வாசித்து, சட்டென்று வேகமெடுக்கும். பால் மெக்கார்ட்னி மூச்சுவிட இடமில்லாமல் சொற்களைக் கொட்டுவார். பேஸ் கிட்டாரே இல்லாத பாட்டு அது. அடுத்து வருவது அதே ‘நார்வீஜியன் வுட்’, அதே ஒலிப்பதிவுதான். ஆனால் இங்கே அது திடீர்த் திருப்பமாக ஒலிக்காது, முந்தைய பாட்டின் தொடர்ச்சியாகவே வரும். இரண்டும் மரத்தின் ஒலி. முழுத் தட்டும் நாட்டுப்புறச் சாயல் கொண்ட ஆல்பம் என்ற எண்ணம் சில நிமிடங்களில் மனதில் விழுந்துவிடும்.

அந்த முதல் பாட்டு ‘ரப்பர் சோ’லுக்காகப் பதிவானதே இல்லை. ஜூன் மாதம் ‘ஹெல்ப்!’ ஆல்பத்துக்காகப் பதிவானது. அமெரிக்க ‘ஹெல்ப்!’ தட்டில் பாதி இடத்தை அதே பெயர்கொண்ட திரைப்படத்தின் பின்னணி இசைக்குக் கொடுத்துவிட்டதால் அது மிஞ்சியது. அப்படி மிஞ்சிய இன்னொன்று, ‘இட்ஸ் ஒன்லி லவ்’, இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் பர்ட்ஸ் குழுவும் பாப் டிலனும் நாட்டுப்புற இசையையும் ராக்கையும் கலந்து பெரிய அலை எழுப்பியிருந்தார்கள். கேபிடல் தொகுத்த தட்டு அந்த அலைக்குள் கச்சிதமாகப் பொருந்தியது.

இழப்பும் சின்னதில்லை. ‘நோவேர் மேன்’ போயிற்று. பர்ட்ஸின் பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒலியை ஹாரிசன் வாங்கிக்கொண்டு செய்த ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ போயிற்று. ரிங்கோ ஸ்டார் பாடிய, அவர் பெயரும் இயற்றியவர் பட்டியலில் முதன்முறையாக இடம்பெற்ற ‘வாட் கோஸ் ஆன்’ போயிற்று. அமெரிக்க ‘ரப்பர் சோ’லில் ரிங்கோ தனித்துப் பாடிய பாட்டே கிடையாது. ‘டிரைவ் மை கா’ரோடு சேர்த்து, எடுத்த நான்கையும் 1966 ஜூனில் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ என்ற தட்டில் விற்றார்கள்.

இருந்தும் கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸின் பிரையன் வில்சனை உலுக்கியது இந்த 12 பாட்டுத் தட்டுதான். சப்பைப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், எல்லாப் பாடல்களும் ஒரே மனநிலையில் இணைந்து நிற்பதைக் கேட்டு, தானும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார். 1966 மே மாதம் ‘பெட் சவுண்ட்ஸ்’ வந்தது. அதைக் கேட்ட உற்சாகம் மெக்கார்ட்னியை ‘சார்ஜென்ட் பெப்பர்’ வரை கொண்டுபோனது.

இரண்டு தட்டிலும் மாறாத ஒரு பாட்டையும் உன்னிப்பாகக் கேளுங்கள்: ‘இன் மை லைஃப்’. நடுவில் பழைய ஹார்ப்சிகார்ட் வாத்தியம்போல் ஒரு தனி ஆவர்த்தனம் வரும். அது பியானோ. டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ஜார்ஜ் மார்ட்டின் வாசித்துப் பதிந்தார். வழக்கமான வேகத்தில் ஓட்டியதும் ஒரு ஸ்தாயி உயர்ந்து, சுரங்கள் மணிமணியாக உதிர்ந்தன. அதற்கு முந்தைய ‘ஐம் லுக்கிங் த்ரூ யூ’வில் அமெரிக்க ஸ்டீரியோ தட்டுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. கிட்டார் தொடங்கி நின்று, மறுபடி தொடங்கி நின்று, மூன்றாவது முறைதான் பாட்டு கிளம்பும். இங்கிலாந்தில் வெட்டி எறிந்த அந்தத் தடுமாற்றம் அங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது. ஸ்டுடியோக் கதவு ஒரு கணம் திறந்ததுபோல் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

1987-ல் சி.டி. வந்தபோது இங்கிலாந்து வரிசையே உலகம் முழுவதற்கும் பொதுவானது. அமெரிக்க வடிவம் 2006-லும் 2014-லும் பெட்டித் தொகுப்புகளில் திரும்பி வந்தது. அது கையில் கிடைக்காவிட்டால் பிளேலிஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்து வரிசையிலிருந்து ‘டிரைவ் மை கார்’, ‘நோவேர் மேன்’, ‘வாட் கோஸ் ஆன்’, ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ நான்கையும் எடுத்துவிடுங்கள். ‘ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபே’ஸை முதலிலும், ‘இட்ஸ் ஒன்லி லவ்’வை ‘மிஷெல்’லுக்கு அடுத்தும் வையுங்கள். ‘ஷஃபிள்’ வேண்டவே வேண்டாம். ‘மிஷெல்’ முடிந்ததும், தட்டைத் திருப்பும் நேரத்துக்குக் கொஞ்சம் நிறுத்துங்கள். இரண்டு வடிவங்களையும் ஒரே மூச்சில் கேட்காமல் வேறு வேறு நாளில் கேளுங்கள்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் 14 பாட்டுத் தட்டைத்தான் எடுப்பேன். நால்வரும் முழுதாக இருப்பது அதில்தான். ஆனால் ‘நார்வீஜியன் வுட்’டுக்கு முன்னால் வர வேண்டிய பாட்டு எது என்று கேட்டால், கேபிடல் செய்ததே சரி.